சூறைக்காற்று, இடிமழை, பாம்பு, குரங்கு: சிங்கப்பூர் அடுக்குமாடி வீட்டைத் தயார்செய்ய முழு வழிகாட்டி

புக்கிட் பாஞ்சாங், புக்கிட் பாத்தோக், ஈசூன், பொங்கோல், பாசிர் ரிஸ் என்று மரங்களுக்கும் காட்டுக்கும் பக்கத்தில் இருக்கும் வட்டாரங்களில் புதிதாகக் குடியேறும் குடும்பங்களுக்கு வீட்டைத் தயார்செய்ய உதவி வருகிறேன். பெரும்பாலானவர்கள் தடுமாறுவது வேலைகளின் வரிசையில்தான். பாம்பை விரட்ட என்ன தெளிக்கலாம் என்று முதல் நாளே கேட்பார்கள். பன்னிரண்டாம் மாடியில் ஆடிக்கொண்டிருக்கும் ஜன்னலை ஒருவரும் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நான் சொல்லும் வரிசை இது: முதலில் வீட்டிலிருந்து வெளியே விழக்கூடியவை, அடுத்து தண்ணீர், மின்சாரம், சாப்பாடு, கடைசியில் விலங்கு. ஜன்னல் கழன்று விழுந்தால் கீழே நடந்துபோகும் ஒருவரின் உயிர் போய்விடும். பாம்புக்கோ வழி விட்டால் போதும், பெரும்பாலும் தானாகவே போய்விடும். அதனால்தான் ஜன்னல் முதலில், பாம்பு கடைசியில்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு டார்ச் லைட், பழைய துண்டுகள் நாலைந்து, பழைய பல் துலக்கும் பிரஷ், நைலான் கயிறு, மூடியுள்ள குப்பைத்தொட்டி, ஒரு நீளமான துடைப்பம். இவற்றில் எதையும் புதிதாக வாங்க வேண்டியிருக்காது.

கைப்பேசியில் இரண்டு செயலிகள் போதும். மைஎன்வி செயலியில் மழை மேகங்களின் ரேடார் படம் இருக்கிறது. ஒன்சர்வீஸ் செயலியில் விழுந்த மரம், அடைத்த வடிகால் பற்றிப் புகார் கொடுக்கலாம்.

எண்களைத் தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். தீ, ஆம்புலன்ஸுக்கு 995. போலீஸுக்கு 999. காட்டு விலங்கு என்றால் தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி நிலையம் 1800-476-1600, அல்லது ஏக்கர்ஸ் அமைப்பின் மீட்பு எண் 9783 7782. தாளில் எழுதச் சொல்வது ஏனென்றால், பாம்பு வரும் நேரத்தில் வீட்டில் பாட்டியும் பணிப்பெண்ணும் மட்டும் இருக்கலாம். உங்கள் கைப்பேசியில் சேமித்து வைத்த எண் அவர்களுக்குப் பயன்படாது.

2. எந்த மாதத்தில் எது வரும்

சென்னையிலிருந்தோ நாகப்பட்டினத்திலிருந்தோ வந்தவர்கள் மனதில் புயல் என்றால் நாலு நாள் முன்பே வானொலியில் சொல்லும் ஒன்று. இங்கே அப்படியில்லை. சுமத்ரா சூறைக்காற்று சுமத்ரா தீவிலோ மலாக்கா நீரிணையிலோ வரிசையாக உருவாகிக் கிழக்கு நோக்கி நகர்ந்து நம்மீது வரும். பெரும்பாலும் ஏப்ரல் முதல் நவம்பர் வரை, விடியலுக்கு முன்போ காலையிலோ வரும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசி, ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். 1984 ஏப்ரல் 25 அன்று தெங்காவில் மணிக்கு 144.4 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியது பதிவாகியிருக்கிறது. 2024 செப்டம்பர் 17 அன்று வீசிய சூறைக்காற்றில் தீவெங்கும் மரங்கள் சாய்ந்தன.

டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை. அப்போது காற்றைவிட, நாள்கணக்கில் விடாமல் பெய்யும் மழைதான் தொல்லை. மார்ச் கடைசியிலிருந்து மே வரையும், அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடியும் மின்னலும் அதிகம்.

ஆக, பெரிய வேலைகளை மார்ச்சில் ஒரு தடவை, நவம்பரில் ஒரு தடவை செய்தால் ஆண்டு முழுவதற்கும் சரியாக இருக்கும்.

3. ஜன்னல்கள்

இதற்கு ஒரு முழுக் காலைப்பொழுதை ஒதுக்குங்கள்.

வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னலாக இருந்தால், அதைத் தாங்கும் உலோகக் கையைச் சட்டத்தோடு பிடித்து வைத்திருப்பவை சின்னச் சின்ன ரிவெட்டுகள். ஜன்னல் திறந்திருக்கும்போது காற்று அடித்தால் மொத்தச் சுமையும் அவற்றின்மீதுதான். அலுமினிய ரிவெட் (தட்டி இறுக்கும் ஆணி) காலப்போக்கில் அரித்துப்போகும். அதனால் 2004 முதல் அலுமினிய ரிவெட்டை எடுத்துவிட்டு துருப்பிடிக்காத எஃகு ரிவெட் போடுவது கட்டாயம். மாற்றாமல் விட்டால் 5,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை. ஜன்னல் விழுந்தே விட்டால் 10,000 வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மறுவிற்பனை வீடு வாங்கியவர்கள், முன்பிருந்தவர் மாற்றியிருப்பார் என்று நம்பிவிடுகிறார்கள். அங்கீகரிக்கப்பட்ட ஜன்னல் ஒப்பந்தக்காரரை வரவழைத்துப் பார்த்துவிடுங்கள்.

நீங்களே பார்க்கக்கூடியவை: மூடும்போது ஜன்னல் ஒரு பக்கம் தொங்குகிறதா, உலோகக் கையில் துருவோ வெள்ளைப் பொடியோ இருக்கிறதா, திருகாணி ஏதும் தளர்ந்திருக்கிறதா. இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த ஜன்னலைப் பூட்டி வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். இறுகிக் கிடக்கும் ஜன்னலைத் தள்ளித் தள்ளித் திறப்பதுதான் அடிக்கடி நான் பார்க்கும் தவறு. அது இறுகியிருப்பதே ஏதோ வளைந்திருக்கிறது என்பதற்கு அடையாளம்.

பக்கவாட்டில் நகரும் ஜன்னலாக இருந்தால், பலகை தடத்தைவிட்டு வெளியே போகாமல் தடுக்கும் நிறுத்தியும் கோணப்பட்டையும் இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். தடத்தில் சேர்ந்த மண்ணைப் பிரஷால் துடையுங்கள்.

அந்தத் தடத்தின் வெளிப்பக்கம் சின்ன ஓட்டைகள் இருக்கும். மழைநீர் வெளியே வடிவதற்காக வைத்தவை. மழையில் தண்ணீர் உள்ளே வருவது அந்த ஓட்டை வழியாகத்தான் என்று நினைத்துச் சிலிக்கான் வைத்து அடைத்துவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அடைத்தால் தடம் தொட்டிபோல நிரம்பி, தண்ணீர் வீட்டுக்குள்தான் வழியும். பல் குத்தும் குச்சியால் அந்த ஓட்டைகளைத் திறந்துவிடுங்கள்.

பூனை வளர்ப்பவர்களுக்கு ஒன்று. 2024 செப்டம்பர் முதல் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். ஜன்னலுக்கு வலை போட வேண்டும். அந்த வலையே மைனாவையும் வௌவாலையும் சேர்த்துத் தடுக்கும்.

4. வெளியே தொங்குவதும் விளிம்பில் நிற்பதும்

துளசி, கறிவேப்பிலை, கற்பூரவள்ளித் தொட்டிகளைக் காரிடோர் சுவரின் மேல் வைக்காதீர்கள். கட்டி வைத்தாலும் வேண்டாம். கயிறு வெயிலில் இற்றுப்போவது கண்ணுக்குத் தெரியாது. தரையில் வையுங்கள், நடக்க 1.2 மீட்டர் அகலம் விட்டு. தீ என்றால் ஸ்ட்ரெச்சர் போக அந்த இடம் வேண்டும்.

துணி காயப்போடும் மூங்கில் கழியில் ஆறு முழ வேட்டியும் புடவையும் விரித்துப் போட்டால் அது பாய்மரம். கிளிப் துணியைத்தான் பிடிக்கும், கழியைப் பிடிக்காது. கழியின் உள்முனையைக் கயிற்றால் கட்டும் பழக்கம் வேண்டும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை இரவில் துணியை வெளியே விட்டுவிட்டுத் தூங்காதீர்கள், ஏனென்றால் சூறைக்காற்று விடியலுக்கு முன்னால் வரும்.

காற்று வீசத் தொடங்கிய பிறகு கழியை உள்ளே இழுக்கப் போகவே கூடாது. பணிப்பெண்ணை அனுப்பவும் கூடாது. ஈரத்துணியோடு இருக்கும் கழி எதிர்பாராமல் திரும்பும். அதைப் பிடிக்கப் போகிறவர் உடம்பு பாதி வெளியே போய்விடும். துணி போனால் போகட்டும். பணிப்பெண் ஜன்னலின் வெளிப்பக்கத்தைத் துடைப்பதென்றாலும் ஜன்னல் கம்பிக் கதவு பூட்டியிருக்க வேண்டும், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். பணிப்பெண் வைத்திருக்கும் வீடுகளுக்கு மனிதவள அமைச்சு வைத்திருக்கும் விதி இது.

5. தண்ணீர் போகும் வழி

பால்கனி, சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கும் இடம், குளியலறை ஆகிய மூன்றிலும் தரை வடிகால் மூடியைத் தூக்கி முடியையும் நூலையும் எடுங்கள். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். தேங்காமல் போனால் சரி. பயன்படுத்தாத குளியலறை வடிகாலில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றுங்கள். உள்ளே நீர் வற்றினால் கரப்பான் பூச்சி ஏறி வரும்.

ஏர்கான் வடிகுழாயையும் சர்வீஸ் ஆளிடம் சொல்லிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். வெளியே ஏர்கான் இருக்கும் திட்டில் நீங்கள் ஏறாதீர்கள்.

6. மின்சாரம்

மின்பெட்டியில் டெஸ்ட் என்று எழுதிய பொத்தானோடு இருக்கும் ஸ்விட்ச் மின்கசிவைக் கண்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும். 1985-க்கு முன் கட்டிய சில வீடுகளில் அது இல்லாமல் இருந்தது; 2025 ஜூலை 1-க்குள் எல்லா வீடுகளிலும் பொருத்தியிருக்க வேண்டும் என்பது விதி. மாதம் ஒருமுறை அந்தப் பொத்தானை அழுத்துங்கள். மின்சாரம் நின்றால் அது வேலை செய்கிறது. நிற்காவிட்டால் உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ஜன்னலுக்குக் கீழே தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பலகையை மேலே தூக்கி வையுங்கள். மழைத்தண்ணீர் முதலில் வந்து சேரும் இடம் அதுதான்.

7. சாப்பாடும் குப்பையும்

விலங்கு வருவதும் வராததும் இங்கேதான் முடிவாகிறது. சிந்திய சோற்றுக்குப் புறாவும் எலியும் வரும். எலியைத் தேடி மலைப்பாம்பு வடிகால் வழியே வரும். பாம்பு மருந்துக்குச் செலவழிப்பதைவிடக் குப்பைப் பையின் வாயை இறுக்கிக் கட்டுவது நல்லது. பழைய புளோக்குகளில் சமையலறைக்குள்ளேயே இருக்கும் குப்பைக் குழாயின் கதவு சரியாக மூடுகிறதா என்று பாருங்கள்.

அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைப்பது நம்மில் பலர் விடாத வழக்கம். ஆனால் இங்கே காட்டுயிர்களுக்கு உணவளிப்பது சட்டப்படி குற்றம், புறாவுக்கும் சேர்த்து. முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். காக்கையும் ஜன்னல் விளிம்பில் சோறு கிடைக்கும் என்று பழகிவிட்டால் அடுத்த அமாவாசை வரை காத்திருக்காது. தினமும் வரும், கூடு கட்டும் காலத்தில் கீழ்வீட்டுப் பிள்ளைகளின் தலையில் கொத்தும். எனக்குத் தெரிந்த குடும்பங்கள் படையலைப் பூஜை அறையில் முன்னோர் படத்துக்கு முன் வைத்துவிட்டு, பிறகு வீட்டில் எல்லாரும் பகிர்ந்து சாப்பிடுகிறார்கள். முன்னோர்மீது உள்ள மரியாதை அதனால் குறைந்துவிடாது.

குரங்கு நடமாடும் வட்டாரமாக இருந்தால், ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும் இடத்தில் வாழைப்பழம், ரொட்டி வைக்காதீர்கள். பிளாஸ்டிக் பை என்றால் சாப்பாடு என்று அவை கற்றுக்கொண்டிருக்கின்றன. கடைக்குப் போக முதுகுப்பையோ துணிப்பையோ எடுங்கள்.

8. காற்று வரப்போகும் அரை மணி நேரம்

மேற்கே வானம் கறுத்ததும் ரேடார் படத்தைப் பாருங்கள். வடக்கு தெற்காக ஒரு நீண்ட சிவப்புக் கோடு மேற்கிலிருந்து வந்தால் அது சூறைக்காற்று. மேற்கு ஓரத்துத் துவாஸில் மழை தொடங்கும்போது கிழக்கே சாங்கிப் பக்கம் இருப்பவருக்கு இன்னும் நேரம் இருக்கும். மேற்கே ஜூரோங்கில் இருப்பவருக்கு இருக்காது. எனவே மேற்குப் பகுதிக்காரர்கள் ரேடாரில் கோடு கடலில் இருக்கும்போதே எழுந்துவிட வேண்டும்.

அ. முதலில் துணிக் கழி. காற்று வருமுன் உள்ளே வர வேண்டியது அது ஒன்றுதான். காற்று தொடங்கிவிட்டால் விட்டுவிடுங்கள்.

ஆ. மேற்குப் பக்க ஜன்னல்களை மூடிக் கொண்டியைப் போடுங்கள். பிறகு மற்றவை. வாசல் கதவும் ஜன்னலும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் காற்று உள்ளே புகுந்து அறைக் கதவுகளைப் படீரென்று சாத்தும். குழந்தைகளின் விரல் நசுங்குவது அப்படித்தான்.

இ. டிவி, ரூட்டர், கணினியின் பிளக்கைப் பிடுங்குங்கள். இடி இடிக்கத் தொடங்கிய பிறகு பிளக்கைத் தொடாதீர்கள்.

ஈ. ஜன்னல் அடியில் பழைய துண்டைச் சுருட்டி வையுங்கள்.

உ. பிள்ளைகள் கீழே விளையாடினால் கூப்பிடுங்கள். மரத்தடியில் ஒதுங்க வேண்டாம், வாய்ட் டெக்குக்குள் (புளோக்கின் கீழ்த்தளத்தில் கூரையுள்ள பொது இடம்) வந்து நிற்கட்டும்.

மின்னல் தெரிந்து இடி கேட்கும்வரை எண்ணினால், மூன்று நொடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தூரம். முப்பது நொடிக்குள் கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உள்ளேயே இருங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து வெளியே போகலாம். அதுவரை குளியலையும் தள்ளிப்போடுங்கள். குழாயும் தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்தும்.

கார் ஓட்டிக்கொண்டிருந்தால், தண்ணீர் தேங்கிய சாலையில் ஆழம் தெரியாமல் இறங்காதீர்கள். திடீர் வெள்ளத்தைப் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் 1800-225-5782 எண்ணில் தெரிவிக்கலாம்.

9. விலங்கு உள்ளே வந்துவிட்டால்

எல்லா விலங்குக்கும் பொதுவான ஒரு வரிசை உண்டு. முதலில் பிள்ளைகளையும் வளர்ப்புப் பிராணியையும் வேறு அறைக்கு அனுப்பி அந்தக் கதவைச் சாத்துங்கள். அடுத்து, விலங்குக்கு வெளியே போக ஒரு வழியைத் திறந்துவிடுங்கள். பிறகு தூரமாக நில்லுங்கள். போன் அப்புறம். பலர் முதலில் செய்வது படம் எடுப்பது. விலங்கை மிரட்டி மூலைக்குத் தள்ளுவது அந்த நெருக்கம்தான்.

*பாம்பு.* இங்கே வீடுகளின் பக்கம் அதிகம் தென்படுவது மலைப்பாம்பு. அதற்கு விஷமில்லை, ஆனால் பெரியது கடித்தால் ஆழமாகக் கிழிக்கும். கறுப்பு நிறத்தில் விஷம் உமிழும் நாகமும் சிங்கப்பூரில் உண்டு. பாம்பு இருக்கும் அறைக் கதவை மூடி, அடி இடுக்கில் துண்டைத் திணித்துவிட்டு, மேலே சொன்ன காட்டு விலங்கு எண்களில் ஒன்றை அழையுங்கள். கதவை மூட முடியாத இடமென்றால் ஒருவர் தள்ளி நின்று அது எங்கே போகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருக்கட்டும். மீட்பவர் வரும்போது "சோபாவுக்குப் பின்னால்" என்று சொல்ல முடிந்தால் வேலை சீக்கிரம் முடியும்.

உப்பு, பூண்டு, மண்ணெண்ணெய் தெளிக்காதீர்கள். பாம்பு இன்னும் உள்ளே, அலமாரிக்கு அடியில்தான் போகும். அடிக்கவும் வேண்டாம். பாம்புக்கடி பலவும் அதை அடிக்கவோ பிடிக்கவோ போகும்போதுதான் நேர்கிறது.

விஷம் கண்ணில் பட்டால் தேய்க்காமல் நிறையத் தண்ணீரால் விடாமல் கழுவிக்கொண்டே 995-ஐ அழையுங்கள். கடித்துவிட்டால் அந்தக் கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 995-ஐ அழையுங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது மூன்றும் கேடு.

*குரங்கு.* பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், கண்ணுக்கு நேர் பார்க்காதீர்கள். இரண்டும் அதற்குச் சண்டைக்கு அழைப்பு. அது கையில் எடுத்ததைப் பிடுங்காதீர்கள். வந்த ஜன்னலையே அகலமாகத் திறந்துவிட்டுப் பின்வாங்குங்கள். தரையில் துடைப்பத்தைத் தட்டினால் பெரும்பாலும் போய்விடும். குட்டியோடு வந்த தாயென்றால் தட்டக்கூட வேண்டாம்.

*தேனீக் கூட்டம்.* திடீரென்று ஜன்னலுக்கு வெளியே கொத்தாகத் தொங்கினால் அது பெரும்பாலும் இடம் மாறும் வழியில் இளைப்பாறும் கூட்டம். ஜன்னலை மூடி வைத்தால் சில நாளில் பறந்துவிடும். புகை போடுவதும் பூச்சி மருந்து அடிப்பதும் அவற்றைக் கலைத்துக் கொட்டவைக்கும். கூடு கட்டத் தொடங்கினால் நகர மன்றத்தை அழையுங்கள்.

*உடும்பு, வௌவால், ஈசல்.* உடும்பு பெரிதாகத் தெரிந்தாலும் ஓடத்தான் பார்க்கும், வாசலைத் திறந்துவிடுங்கள். வௌவால் வந்தால் விளக்கை அணைத்து ஜன்னலைத் திறந்தால் போதும், வெறும் கையால் தொட வேண்டாம். மழைக்குப் பின் மாலையில் ஈசல் பறந்தால் வீட்டு விளக்குகளைச் சற்று நேரம் அணைத்து வையுங்கள், வெளிச்சத்தைத் தேடித்தான் அவை வருகின்றன. ஆனால் ஈசல் உங்கள் வீட்டு மரச்சட்டத்துக்குள்ளிருந்தே கிளம்பினால் அது கரையான் புற்று. பூச்சிக் கட்டுப்பாட்டு ஆளைக் கூப்பிட வேண்டும்.

10. மழை விட்ட பிறகு

முதலில் கீழே எதுவும் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். காரிடோரிலும் கார் நிறுத்துமிடத்திலும் பாதி முறிந்து தொங்கும் கிளைக்கு அடியில் போகாதீர்கள். மழைநீரின் எடையால் சில கிளைகள் காற்று நின்ற பிறகு விழும். ஒன்சர்வீஸில் படத்தோடு தெரிவியுங்கள்.

பறவைக்குஞ்சு கீழே விழுந்திருந்தால் வீட்டுக்குத் தூக்கி வராதீர்கள். இறகு முளைத்த குஞ்சென்றால் தாய்ப்பறவை பக்கத்தில்தான் இருக்கும். பூனைக்கு எட்டாத செடியில் வைத்துவிடுங்கள். காயம் இருந்தால் ஏக்கர்ஸை அழையுங்கள்.

அன்றே செய்ய வேண்டிய வேலை கொசுவுக்கானது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும். தொட்டித் தட்டைக் கொட்டுங்கள், வாளியைக் கவிழ்த்து விளிம்பைத் துடையுங்கள், தொட்டி மண் இறுகியிருந்தால் கிளறுங்கள். துடைப்பதை விட்டுவிட்டுக் கொட்டினால் மட்டும் போதாது, ஒட்டிய முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். மூங்கில் கழி செருகும் குழாயைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கழி இல்லாதபோது அதற்கு மூடி போட வேண்டும். இல்லையென்றால் உள்ளே மழைநீர் நிற்கும், எட்டிப் பார்த்தாலும் தெரியாது.

கடைசியாகச் சுவரையும் கூரையையும் பாருங்கள். வெளிச்சுவரில் ஈரக்கறை தெரிந்தால் நாளும் நேரமும் தெரியும்படி படமெடுத்து வையுங்கள். அடுத்த மழையிலும் அதே இடத்தில் வந்தால் இரண்டு படங்களையும் வீவக கிளை அலுவலகத்துக்கு அனுப்புங்கள். மழையின்போது மட்டும் வரும் கறை வெளிச்சுவர்க் கசிவு. மழையில்லாமலும் கூரையில் வந்தால் மேல்வீட்டுக் குளியலறைக் கசிவாக இருக்கலாம், அதைச் சரிசெய்ய மேல்வீட்டாரும் நீங்களும் சேர்ந்து செலவழிக்க வேண்டியிருக்கும். மேல்வீட்டு அக்காவிடம் முதலில் நேரில் போய்ப் பேசிவிட்டு, அப்புறம் கடிதம் எழுதுங்கள்.